கைக்கு யார் லைசென்ஸ் கொடுப்பது?

நீங்கள் ஒரு கடை திறக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊர், கடலூராகவோ சிதம்பரமாகவோ இருக்கட்டும். டிபன் கடையா? உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு மனு, உணவுப் பாதுகாப்புத் துறையில் ஒரு பதிவு, அப்புறம் கல்லாவில் உட்கார்ந்துவிடலாம். மருந்துக் கடையா? பார்மஸி படித்த ஒருவர் இருந்தாக வேண்டும். நியாயம்தானே! இப்போது, 'மசாஜ் நிலையம் வைக்கப்போகிறேன்' என்று நாலு பேர் நடுவே சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். பின்னால் நிற்கும் பெரியவர் காரணமே இல்லாமல் தொண்டையைச் செருமுவார். 'போலீஸ் ஒப்புக்குமா சார்?' என்று யாராவது கேட்பார்கள். 'தொழில் எங்கே கத்துக்கிட்டீங்க?' என்று ஒருத்தராவது கேட்பாரா? சந்தேகம்தான்!

இந்தச் சந்தேகப் பார்வைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 'லைசென்ஸ்' என்கிற காகிதம் காலத்துக்குக் காலம் வேறு வேறு கேள்விகளைக் கேட்டு வந்திருக்கிறது. அதைப் பார்க்க நாம் எங்கோ போக வேண்டாம். கடலூரிலேயே ஆரம்பிக்கலாம்.

1690-ம் வருஷம். செஞ்சியில் இருந்த மராட்டியர்களிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அதுதான் பிற்பாடு செயின்ட் டேவிட் கோட்டை. அப்போது மதராஸில் கவர்னர், எலிஹு யேல். கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் சேர்த்துத்தான் பேரம். எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ, அவ்வளவும் கம்பெனிக்கு! கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மதராஸிலிருந்து ஒரு நல்ல பீரங்கியைக் கொண்டுவந்தார்கள். மருந்தைக் கெட்டித்துக் குண்டை எவ்வளவு தூரம் தள்ளுவது என்பது சுடுகிறவரின் சாமர்த்தியம் என்று சொல்லிவிட்டார்கள். அவரும் பல திசைகளில் சுட்டார். குண்டு விழுந்த இடங்கள் வரைக்கும் இருந்த ஊர்கள், கடலூர் உள்பட, கம்பெனி வசம் போயின. 'குண்டு கிராமங்கள்' என்று பெயரே வந்துவிட்டது. அந்தப் பீரங்கிக்காரரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அவரிடம் வருவோம்.

ஊர் கைக்கு வந்ததும் கம்பெனி என்ன செய்தது? வருமானத்துக்கு வழி தேடியது. சாராயம் விற்க, வெற்றிலை புகையிலை விற்க... இதற்கெல்லாம் உரிமையை ஏலம் விட்டது. ஜாஸ்தி பணம் கேட்பவருக்குக் குத்தகை. அவரைத் தவிர வேறு யாரும் விற்கக் கூடாது. ஆக, நம்ம ஊரில் லைசென்ஸ் கேட்ட முதல் கேள்வி: 'எவ்வளவு தருவாய்?'

அடுத்த காட்சிக்கு ஒன்றே முக்கால் நூற்றாண்டு தாண்டி வர வேண்டும். 1865-ல் மதராஸ் மாகாணத்தில் நகர மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அடுத்த வருஷமே, 1866-ல், கடலூர் நகராட்சி ஆனது. 1873-ல் சிதம்பரம். அப்புறம் 1884-லும் 1920-லும் மாவட்ட நகராட்சிகள் சட்டங்கள். 1920-ம் வருஷச் சட்டத்தின் 249-வது பிரிவும் அதன் அட்டவணையும் ரொம்ப சுவாரஸ்யமானவை. எலும்பு, தோல், வெடிமருந்து, வைக்கோல்... இப்படி நாற்றம் அடிக்கிற, தீப்பிடிக்கிற சமாசாரங்களை நீளமாகப் பட்டியல் போட்டு, 'நகராட்சியின் அனுமதி இல்லாமல் இதையெல்லாம் ஊருக்குள் வைத்துத் தொழில் செய்யக் கூடாது' என்றது சட்டம். திருவாதிரைக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் வெளியூர்க் கூட்டம் குவிகிற சிதம்பரம் மாதிரி ஊரில் இந்தக் கவலை நியாயமானதுதான். காலரா ஊர் ஊராகப் பயணம் செய்துகொண்டிருந்த காலம் அது. லைசென்ஸின் இரண்டாவது கேள்வி: 'இதனால் ஊருக்கு ஆபத்தா?' நல்ல கேள்வி!

சரி, அந்தக் காலத்தில் மசாஜ் செய்தவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லையா? கேட்கவில்லை. காரணம், அதற்கென்று கடை கிடையாது. தீபாவளிக்கும் சனிக்கிழமைக்கும் வீட்டிலேயே எண்ணெய்த் தேய்ப்பு. பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு பிடித்துவிட்டு வெந்நீர் ஊற்ற, பச்சைக் குழந்தைக்குக் கை கால் நீவிவிட்டுக் குளிப்பாட்ட மருத்துவச்சி வருவார். முடி திருத்த வந்தவரே புண்ணுக்கு மருந்தும் போட்டார், தோள்பட்டையையும் பிடித்துவிட்டார். சிலம்பக் கூடத்து வாத்தியார் சுளுக்கு எடுத்தார். வர்ம ஆசான் எங்கே தொடலாம், எங்கே தொடவே கூடாது என்று தெரிந்துவைத்திருந்தார். சித்த மருத்துவத்தில் இதற்குத் 'தொக்கணம்' என்று தனிப் பெயரே உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை!

இவர்களுக்கெல்லாம் லைசென்ஸ் கொடுத்தது யார்? ஊர்தான். கை சரியில்லை என்றால் மறுநாளே தெருவுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள். அவ்வளவுதான் சட்டம்.

பிறகு சர்க்கார் வைத்தியர்களை எண்ண ஆரம்பித்தது. 1914-ல் மதராஸ் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. மேல்நாட்டு வைத்தியம் படித்தவர்களுக்குத்தான் அந்தப் பதிவேட்டில் இடம். நாட்டு வைத்தியர்கள் கொதித்தார்கள். 1921-ல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். பனகல் ராஜா முதல்மந்திரியாக இருந்தபோது, 1925-ல் சென்னையில் இந்திய மருத்துவத்துக்கென்று சர்க்கார் பள்ளி திறக்கப்பட்டது. சித்த வைத்தியருக்கும் ஆயுர்வேத வைத்தியருக்கும் பட்டம், பதிவு, மரியாதை எல்லாம் படிப்படியாக வந்தன. சந்தோஷம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்... மருந்து எழுதிக்கொடுத்த கைக்குப் பதிவேடு கிடைத்தது. உடம்பைப் பிடித்துவிட்ட கைக்குக் கிடைக்கவில்லை. மருத்துவச்சியும் முடி திருத்துபவரும் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள்.

இதற்குள் கடல் கடந்து நம்ம ஊர்க் கை ஒன்று பெரிய பேர் வாங்கியிருந்தது. பாட்னாவில் 1759-ல் பிறந்தவர் ஷேக் தீன் முகமது. கம்பெனிப் பட்டாளத்தோடு திரிந்துவிட்டு அயர்லாந்துக்குப் போனார். 1794-ல் இங்கிலீஷில் புத்தகம் எழுதினார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் புத்தகம் என்று அதைச் சொல்வார்கள். 1810-ல் லண்டனில் ஒரு இந்திய ஹோட்டல் ஆரம்பித்தார். இரண்டே வருஷத்தில் திவால்! மனிதர் அசரவில்லை. பிரைட்டன் கடற்கரை நகரத்துக்குப் போய், மூலிகை ஆவிக் குளியலோடு உடம்பு பிடித்துவிடும் நிலையம் திறந்தார். 'சாம்போ' என்றால் இந்தியில் 'அமுக்கு' என்று அர்த்தம். அதுதான் 'ஷாம்பூ' ஆனது. தலைக்குப் போடும் நுரைக்கு அந்தப் பெயர் போனது பிற்பாடு. டாக்டர் பட்டம் ஏதும் இல்லாத தீன் முகமது, மன்னர் நான்காம் ஜார்ஜுக்கே 'ஷாம்பூயிங் சர்ஜன்' ஆகிவிட்டார். ராஜாவின் முதுகே சான்றிதழ்!

ஆனால் அதே இங்கிலாந்தில்தான் மசாஜுக்குக் கெட்ட பெயரும் வந்தது. 1894-ல் லண்டனில் 'மசாஜ் நிலையம்' என்று போர்டு மாட்டிக்கொண்டு வேறு தொழில் நடப்பதாகப் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' பத்திரிகை எழுதியது. ஊரே முகம் சுளித்தது. அப்போது நோயாளிகளுக்கு நிஜமாகவே மசாஜ் செய்துகொண்டிருந்த நர்ஸுகள் என்ன செய்வார்கள்? தெருவில் தலைகாட்ட முடியவில்லை!

ரோசலிண்ட் பேஜட் உள்ளிட்ட நான்கு பெண்கள் கூடிப் பேசினார்கள். 'எங்களை நம்புங்கள்' என்று கெஞ்சவில்லை. 'எங்களைச் சோதியுங்கள்' என்றார்கள்! அதே 1894-ல் 'பயிற்சி பெற்ற மசாஜ் பெண்கள் சங்கம்' ஆரம்பமானது. உடற்கூறு படிக்க வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், தேறினால்தான் அங்கத்தினர். இஷ்டத்துக்கு விளம்பரம் கூடாது. டாக்டர் சொல்லாமல் ஆண்களுக்கு மசாஜ் கூடாது. கடுமையான விதிகள்தான். ஆனால் இருபது வருஷத்தில் பலன் தெரிந்தது. 1914-ல் முதல் உலகப் போர் வந்தபோது, காயம்பட்ட சிப்பாய்களின் கை கால்களை மறுபடி இயங்க வைக்க, பயிற்சி பெற்ற ஐம்பது பெண்களோடு ராணுவ மசாஜ் படை ஒன்றே புறப்பட்டது! 1920-ல் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. பிற்பாடு பெயர் மாறி, இன்றைக்கு அது பிரிட்டனின் பிசியோதெரபி சங்கம். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாரே பிசியோதெரபிஸ்ட், அவர் தொழிலின் பாட்டி அந்தச் சங்கம்தான்.

அதே 1920-ல் லண்டன் கவுன்டி கவுன்சில் இன்னொரு பக்கமிருந்து வந்தது. மசாஜ் நிலையங்கள் கவுன்சிலின் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று சட்டம். அதிகாரிகள் உள்ளே வந்து பார்ப்பார்கள். அதாவது ஒரே ஊரில் இரண்டு காவல். சங்கம் கையைச் சோதித்தது. கவுன்சில் கதவைச் சோதித்தது. லைசென்ஸின் மூன்றாவது கேள்வி: 'உள்ளே என்ன நடக்கிறது?'

நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது இந்த மூன்றாவது கேள்வி மட்டும்தான்! அதுவும் உள்ளாட்சி வழியாக அல்ல, போலீஸ் வழியாக. 1868-லேயே தொற்றுநோய்ச் சட்டம் என்ற பெயரில், பட்டாளத்துச் சிப்பாய்களைக் காப்பாற்றப் பெண்களைப் பதிவு செய்து பரிசோதித்தது வெள்ளைக்கார சர்க்கார். எதிர்ப்புக் கிளம்பி 1888-ல் அது போனது. 1930-ல் மதராஸ் மாகாணத்தில் விபசாரத் தடுப்புச் சட்டம் வந்தது. 1956-ல் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம். அதைத்தான் 1986-ல் திருத்திப் பெயர் மாற்றி இன்றைக்கும் வைத்திருக்கிறோம். மசாஜ் நிலையத்தில் 'ரெய்டு' என்று பேப்பரில் படிக்கிறீர்களே, பெரும்பாலும் இந்தச் சட்டப்படிதான்.

அந்தச் சட்டத்திலேயே நிதானம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இதற்கான சிறப்புப் போலீஸ் அதிகாரி, இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறைந்தவராக இருக்கக் கூடாது. வாரன்ட் இல்லாமல் சோதனை போடப் போகும்போது அந்த வட்டாரத்தின் மரியாதைப்பட்ட இரண்டு பேரையாவது சாட்சிக்கு அழைக்க வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு பெண் போலீஸாரும் கூட இருக்க வேண்டும். சந்தேகம் தப்பாகப் போய்விட்டால், ஒரு பெண்ணின் மானமும் பிழைப்பும் அல்லவா போகும்!

சமீபத்தில் இந்தச் சண்டை நீதிமன்றங்களுக்கு வந்தது. 2021-ல் டெல்லி அரசு, ஆணுக்குப் பெண்ணோ பெண்ணுக்கு ஆணோ மசாஜ் செய்யக் கூடாது என்று விதி போட்டது. அந்த டிசம்பரிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. அதே டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம், தமிழ்நாட்டின் மசாஜ் நிலையங்களில் சி.சி.டி.வி. கேமரா வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். சில நாட்களிலேயே, 2022 ஜனவரியில், அதே நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் திருச்சி நிலையம் ஒன்றின் வழக்கு வந்தது. நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் வேறு விதமாகச் சொன்னார். மசாஜ் செய்துகொள்ளும் அறைக்குள் கேமரா என்பது அந்தரங்க உரிமையில் கை வைப்பது. தப்பு நடக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் அதற்குக் காரணமாக முடியாது என்றார். 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் சொன்னதுதான் இதற்கு அஸ்திவாரம்.

கேமரா வேண்டும், வேண்டாம், ஆண், பெண், கதவைத் திற, மூடு... இரண்டு பக்கமும் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அறைக்குள் கட்டாயப்படுத்தி அடைக்கப்பட்ட பெண் யாராவது இருந்தால் அவரைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் மொத்தச் சண்டையும் கதவைப் பற்றியே நடக்கிறது பாருங்கள். கையைப் பற்றி எங்கே பேச்சு?

கையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்பதற்கு ஒரு சம்பவம். மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். 2016-ல் டெல்லியில் 23 வயதுப் பையன் ஒருவன். விளையாடும்போது கணுக்காலில் அடிபட்டு மாவுக்கட்டுப் போட்டிருந்தான். கட்டைப் பிரித்த பிறகும் கால் வலித்தது. அம்மா ஆசையாக எண்ணெய் தேய்த்துக் காலை நீவிவிட்டார். எந்த அம்மாதான் செய்ய மாட்டார்? ஆனால் அசையாமல் கிடந்த காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தது. நீவிய வேகத்தில் அது நழுவி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டது. பையன் இறந்துபோனான். டாக்டர்கள் இதை ஒரு மருத்துவச் சட்ட இதழிலேயே எழுதினார்கள்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் காசு வாங்கிக்கொண்டு தொடும் கைக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? மாவுக்கட்டுப் பிரித்த கால் ஒரு பக்கமாக வீங்கியிருந்தால் தொடாதே, டாக்டரிடம் அனுப்பு. காய்ச்சல் இருந்தால் வேண்டாம். எலும்பு தேய்ந்த முதியவரின் முதுகில் பலத்தைக் காட்டாதே. முடி வெட்டியபின் 'சடக்'கென்று கழுத்தைச் சொடுக்காதே. எந்த இடத்தில் அழுத்தக் கூடாது என்பது பழைய வர்ம ஆசானுக்குத் தெரிந்திருந்தது. நேற்றைக்குப் போர்டு மாட்டியவருக்குத் தெரியுமா? லைசென்ஸ் கேட்டே ஆகவேண்டிய நான்காவது கேள்வி இதுதான்: 'உன் கைக்குத் தொழில் தெரியுமா?'

உடனே, 'சரி, நாளைக்கே பரீட்சை வை. தேறாதவர் வீட்டுக்குப் போகட்டும்' என்று கிளம்பிவிடாதீர்கள். தென்கொரியாவின் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள். அங்கே மசாஜ் லைசென்ஸ் கண்பார்வை இல்லாதவர்களுக்கு மட்டும்தான்! 1913-ல் ஜப்பான்காரர்கள் ஆண்டபோது வந்த ஏற்பாடு. 1946-ல் அமெரிக்க ராணுவ நிர்வாகம் அதை எடுத்தது. 1963-ல் திரும்ப வந்தது. 2006 மே மாதம் அந்த நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம், 'மற்றவர்கள் அந்தத் தொழிலைச் செய்யும் உரிமையை இது பறிக்கிறது' என்று ரத்து செய்தது. நியாயமாகத்தானே தெரிகிறது? ஆனால் பார்வையற்றவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. சியோலில் ஹான் நதிப் பாலத்தின் மேல் ஏறித் தண்ணீரில் குதித்துப் போராடினார்கள். உயிரையே விட்டவர்களும் உண்டு. சில மாதங்களிலேயே நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டு அவர்கள் உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. 2008-ல் அதே நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஒரு லைசென்ஸ் விதி ஒருத்தர் வீட்டு அடுப்பை அணைக்கவும் செய்யும், எரிய வைக்கவும் செய்யும்.

அந்தப் பாடம் நமக்கும்தான். இன்றைக்குப் பரீட்சை கட்டாயம் என்றால், ஐம்பது வருஷமாகப் பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டிய கிழவியும், ஏட்டில் எழுதாமல் தாத்தாவிடம் தொக்கணம் கற்ற மனிதரும்தான் முதலில் தோற்பார்கள். ஏ.சி. அறை போட்டவர் எப்படியாவது ஒரு சான்றிதழ் வாங்கி மாட்டிவிடுவார்! 1914-ல் நடந்த அதே தப்பு இன்னொரு தடவை நடக்கும். ஆகவே கேள்வியைக் கேட்பதற்கு முன்னால், பதில் சொல்லச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தெரிந்தவரின் கையைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும், பேப்பரைப் பார்த்து அல்ல. எங்கே தொடக் கூடாது என்பதை மட்டும் எல்லோருக்கும் கட்டாயப் பாடமாக்க வேண்டும்.

இதற்குக் கடலூரையும் சிதம்பரத்தையும் விடப் பொருத்தமான இடம் எங்கே? 1920-ம் வருஷத்து நகராட்சிச் சட்டம் இப்போது இல்லை. 2021-ல் கடலூர் மாநகராட்சி ஆகிவிட்டது. 2023 ஏப்ரலிலிருந்து நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கெல்லாம் பொதுவான புதுச் சட்டமும் விதிகளும் நடைமுறைக்கு வந்தன. மாநகராட்சியான கடலூருக்கும் நகராட்சியான சிதம்பரத்துக்கும் இப்போது ஒரே புத்தகம்தான். சிதம்பரத்தில் 1929-ல் பிறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோயில் கோபுர வாசல்களில் 108 கரணங்கள், மனித உடம்பின் ஒவ்வொரு மூட்டும் எப்படி வளையும் என்று கல்லிலேயே பாடம் நடத்திக்கொண்டிருக்கின்றன!

இப்போது அந்தப் பீரங்கிக்காரரிடம் வருவோமா? 1690-ல் கம்பெனிக்கு நிலம் வேண்டியிருந்தது. பீரங்கியைச் சுட யாரோ ஒருவரை அனுப்பவில்லை. குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது சுடுகிற கையைப் பொறுத்தது என்று புரிந்துவைத்திருந்தார்கள். லாபத்துக்காகத்தான் என்றாலும், அன்றைக்குக் கையின் திறமையைப் பார்த்தார்கள்.

ஒரு பீரங்கியைத் தொடும் கைக்கே அவ்வளவு யோசனை என்றால், உங்கள் கழுத்தைத் தொடும் கைக்கு?

அடுத்த தடவை யாராவது 'வாங்க சார், சுளுக்கு எடுத்துடலாம்' என்று கூப்பிட்டால், சந்தேகமாகப் பார்க்காதீர்கள். 'எங்கே கத்துக்கிட்டீங்க?' என்று மரியாதையாகக் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். எத்தனையோ வருஷமாக அதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருப்பவர் அவர்தான்!